20 மாதம், 281 பக்கம், 5 ஓட்டு

2008 ஜனவரி 24, வியாழக்கிழமை மாலை. ரோம் நகரில் செனட் சபை கூடும் மடாமா மாளிகை. பிரதமர் ரொமானோ புரோடியின் அரசு பிழைக்குமா, கவிழுமா என்று முடிவாகப்போகும் வாக்கெடுப்பு. உடேயுர் என்ற குட்டிக் கட்சியின் செனட்டர் குசுமானோ எழுந்தார். கட்சி கூட்டணியை விட்டு வெளியேறிவிட்டாலும் தன் ஓட்டு அரசுக்குத்தான் என்றார். அவ்வளவுதான், அதே கட்சியின் இன்னொரு செனட்டர் பார்பாட்டோ வசைமாரி பொழிந்தபடி அவரை நோக்கிப் பாய்ந்தார். காறித் துப்பினார் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. எதிர்வரிசையிலிருந்தும் கெட்ட வார்த்தைகள் பறந்து வந்தன. குசுமானோ அழுதார், மயங்கிச் சரிந்தார். ஸ்ட்ரெச்சரில் வெளியே தூக்கிப் போனார்கள்.

இரவு முடிவு வந்தது. அரசுக்கு ஆதரவாக 156, எதிராக 161, நடுநிலை 1.

அடுத்த நிமிடம் எதிர்வரிசையில் ஒயின் பாட்டிலின் மூடி தெறித்தது. சிசிலியைச் சேர்ந்த செனட்டர் நினோ ஸ்ட்ரானோ, மொர்தடெல்லா துண்டுகளை வாயில் திணித்துக்கொண்டு கேமராக்களுக்கு முகம் காட்டினார். மொர்தடெல்லா என்பது பொலோன்யா நகரின் பேர்போன பன்றிக் கொத்திறைச்சி. பொலோன்யாவில் பேராசிரியராக இருந்த புரோடிக்கு எதிரிகள் வைத்த பட்டப்பெயரும் அதுதான். இது சாப்பாட்டுக் கடையல்ல என்று அவைத் தலைவர் ஃபிராங்கோ மரீனி அதட்டினார். யாரும் காதில் வாங்கவில்லை.

இத்தாலியக் குடியரசின் 59-வது அரசு இப்படித்தான் முடிந்தது. 2006 மே 17 அன்று பதவியேற்று 20 மாதம் நின்ற அரசு. அந்த நாட்டில் இதைவிடக் குறைந்த ஆயுளோடு போன அரசுகள் ஏராளம். ஆனால், ஒரு கூட்டணியை உருவாக்குவது எது, உடைப்பது எது, உடைந்தபின் விலை கொடுப்பவர் யார் என்று அறிய விரும்புகிறவர்கள் இந்த 20 மாதங்களைத்தான் படிக்க வேண்டும்.

24,755 ஓட்டு வித்தியாசம்

2006 ஏப்ரல் தேர்தலில் புரோடியின் 'யூனியன்' கூட்டணியும் பெர்லுஸ்கோனியின் வலதுசாரிக் கூட்டணியும் மோதின. 3 கோடியே 80 லட்சம் பேர் ஓட்டுப்போட்ட தேர்தலில், கீழவையில் புரோடி முந்தியது 24,755 ஓட்டில். அதற்கே அவருக்குக் கீழவையில் வசதியான பெரும்பான்மை கிடைத்தது. காரணம், முந்தைய ஆண்டின் இறுதியில் பெர்லுஸ்கோனி அரசே கொண்டுவந்த தேர்தல் சட்டம். நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கிய கூட்டணிக்குக் கீழவையின் 630 இடங்களில் 340-ஐ அது தூக்கிக் கொடுத்தது.

செனட்டில் கதை வேறு. அங்கே அந்த போனஸ் இடங்கள் மாகாணவாரியாகப் பிரிந்தன. ஒரு மாகாணத்தில் கிடைத்த லாபத்தை இன்னொரு மாகாணம் தின்றுவிட்டது. எண்ணி முடித்தபோது புரோடி 158, பெர்லுஸ்கோனி 156, சுயேச்சை ஒருவர். வெளிநாடு வாழ் இத்தாலியர்களுக்கு முதல்முறையாகக் கொடுக்கப்பட்ட 6 செனட் இடங்களில் 4 புரோடி பக்கம் விழுந்திருக்காவிட்டால் இதுவும் இல்லை. அந்த ஓட்டுரிமைக்காக ஆயுள் முழுக்கப் போராடியவர் வலதுசாரி அமைச்சர் மிர்கோ டிரெமாலியா.

இத்தாலியில் கீழவைக்கும் செனட்டுக்கும் சம அதிகாரம். எந்த அவையில் நம்பிக்கை இழந்தாலும் அரசு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கூட்டணியில் இருந்ததோ பத்துக்கும் மேற்பட்ட கட்சிகள். கத்தோலிக்க மையவாதிகள், முன்னாள் கம்யூனிஸ்டுகள், இன்னமும் கம்யூனிஸ்டுகளாகவே இருந்த இரண்டு கட்சிகள், பசுமைக் கட்சி, திருச்சபையோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் ராடிக்கல்கள், ஊழல் ஒழிப்புக் கட்சி, ஓய்வூதியர் கட்சி. இத்தனை பேரையும் கட்டிப்போட 281 பக்கத்தில் ஒரு பொது செயல்திட்டம் எழுதினார்கள். அதில் எல்லாருக்கும் எல்லாமும் இருந்தது. எதை முதலில் செய்வது, எதை விட்டுக்கொடுப்பது என்பது மட்டும் இல்லை. பெர்லுஸ்கோனி மீண்டும் வரக்கூடாது என்ற ஒற்றைப் புள்ளியில்தான் உண்மையில் எல்லாரும் ஒன்றுபட்டிருந்தார்கள்.

கூட்டாளிகளைத் திருப்திப்படுத்த இலாகாக்கள் உடைக்கப்பட்டன. கல்வி ஒருவருக்கு, பல்கலைக்கழகம் இன்னொருவருக்கு; சாலை ஒருவருக்கு, ரயில் இன்னொருவருக்கு. துணை அமைச்சர்களையும் சேர்த்தால் அரசில் இருந்தவர்கள் 100-ஐத் தாண்டினார்கள்.

> பெட்டிச் செய்தி: யார் கையில் எது?
>
> வெளியுறவு, துணைப் பிரதமர்: மாசிமோ டலேமா. முன்னாள் கம்யூனிஸ்ட், முன்னாள் பிரதமர்.
> பண்பாடு, துணைப் பிரதமர்: ஃபிரான்செஸ்கோ ருடெல்லி. ரோமின் முன்னாள் மேயர்.
> நிதி: டொமாசோ பதோவா-ஸ்கியோப்பா. ஐரோப்பிய மத்திய வங்கியின் நிர்வாகக் குழுவில் இருந்த பொருளாதார நிபுணர்.
> உள்துறை: ஜூலியானோ அமாடோ. இவரும் முன்னாள் பிரதமர்.
> நீதி: கிளெமென்டே மஸ்டெல்லா. உடேயுர் கட்சித் தலைவர்.
> உள்கட்டமைப்பு: அந்தோனியோ டி பியத்ரோ. 1990-களில் 'சுத்தமான கைகள்' ஊழல் விசாரணையில் பெரும் தலைகளை உருட்டிய அரசு வழக்கறிஞர்.
> பொருளாதார வளர்ச்சி: பியர் லூயிஜி பெர்சானி.
> ஐரோப்பிய விவகாரம், வெளிநாட்டு வர்த்தகம்: எம்மா பொனினோ. ராடிக்கல் கட்சி.
> குடும்பநலம்: ரோசி பிண்டி. பழைய கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி வழிவந்தவர்.
> சமூக ஒருமைப்பாடு: பாவ்லோ ஃபெரேரோ. கம்யூனிஸ்ட் மறுநிறுவனக் கட்சியின் ஒரே அமைச்சர்.

அமைச்சரவையில் ஒரு கால், வீதியில் ஒரு கால்

விசென்சா நகரில் அமெரிக்க ராணுவத் தளத்தை விரிவாக்க அரசு சம்மதித்தது. 2007 பிப்ரவரி 17 அன்று அதை எதிர்த்துப் பெருங்கூட்டம் ஊர்வலம் போனது. அதில் ஆளுங்கட்சிக் கொடிகளும் இருந்தன. நான்கே நாளில், பிப்ரவரி 21-ல், டலேமா தன் வெளியுறவுக் கொள்கையைச் செனட்டின் முன் வைத்தார். ஆப்கானிஸ்தானில் இத்தாலியப் படை நீடிப்பதை ஏற்காத இரண்டு இடதுசாரி செனட்டர்கள் ஓட்டுப்போட மறுத்துவிட்டார்கள். ஆதரவு 158, எதிர்ப்பு 136, நடுநிலை 24. வெற்றிபோலத் தெரிகிறது அல்லவா? அன்றைய செனட் விதிப்படி நடுநிலை வகிப்பவரும் கணக்கில் சேர்வார்; தேவைப்பட்டது 160. அன்று மாலையே புரோடி ராஜினாமா செய்தார். குடியரசுத் தலைவர் நபோலிடானோ அவரை மறுபடி அவைக்கு அனுப்பினார். ஒரு வாரம் கழித்து 162-க்கு 157 என்று தப்பினார்.

அதன்பின் நடந்தது ஆட்சி என்பதைவிட அன்றாட ஜீவனம். பட்ஜெட்டோ வேறெதுவோ, எந்த மசோதா வந்தாலும் செனட்டில் தலை எண்ணுவதே வேலை. நோபல் பரிசு பெற்ற நரம்பியல் விஞ்ஞானி ரீட்டா லெவி-மொண்டல்சினி வாழ்நாள் செனட்டர். வயது 98. அவர் வந்து ஓட்டுப்போட்டால்தான் அரசு நிற்கும் என்ற நிலை. யூதர் என்பதற்காக முசோலினி காலத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தப்பட்டு, படுக்கையறையில் ஆய்வுக்கூடம் அமைத்து வேலை செய்தவர் அவர். அந்த மூதாட்டிக்கு ஊன்றுகோல் வாங்கிக் கொடுக்கப் போவதாக எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் எழுதினார். தனக்கு ஊன்றுகோல் வேண்டியதில்லை, மூளை தெளிவாகவே இருக்கிறது என்ற பொருளில் அவர் பதில் கொடுத்தார். அவர் கண்மூடி ஓட்டுப்போடுகிறவரும் அல்ல. ஆராய்ச்சிக்கான நிதியைக் குறைத்தால் பட்ஜெட்டை ஆதரிக்க மாட்டேன் என்று 2006-லேயே அரசை எச்சரித்தவர்.

சுயேச்சை செனட்டர் லூயிஜி பல்லாரோ வசித்தது அர்ஜென்டினாவில். முக்கியமான ஓட்டு வரும்போதெல்லாம் அவர் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வருவாரா என்று ரோம் காத்திருந்தது.

அமைச்சர்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் ஜோடிகளுக்கு, ஒருபால் ஜோடிகள் உட்பட, சில உரிமைகள் கொடுக்க ரோசி பிண்டியும் பார்பரா பொல்லஸ்ட்ரினியும் 2007 பிப்ரவரியில் மசோதா கொண்டுவந்தார்கள். மஸ்டெல்லா அந்த அமைச்சரவைக் கூட்டத்துக்கே போகவில்லை. சிறைகளில் நெரிசலைக் குறைக்க மஸ்டெல்லா தண்டனைக் குறைப்புச் சட்டம் கொண்டுவந்தபோது டி பியத்ரோ பகிரங்கமாக எதிர்த்தார். அக்டோபரில் கம்யூனிஸ்டுகள் தங்கள் அரசின் தொழிலாளர் நலக் கொள்கையை எதிர்த்தே ரோமில் ஊர்வலம் போனார்கள்.

ஆனாலும் வேலை நடந்தது

இந்தச் சத்தத்தில் மறந்துபோனது ஒன்று உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் இந்த அமைச்சர்கள் பலர் கெட்டிக்காரர்கள். பெர்சானி, ப்ரீபெய்ட் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போதெல்லாம் கம்பெனிகள் பிடித்துக்கொண்ட கட்டணத்தை 2007-ல் ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தார். மருந்துச் சீட்டு தேவைப்படாத மாத்திரைகளைப் பல்பொருள் அங்காடியிலும் விற்கலாம் என்று ஆக்கினார். டாக்சி உரிமங்களைத் தாராளமாக்கப் பார்த்தபோது மட்டும் டாக்சிக்காரர்கள் நகரங்களை முடக்கினார்கள். அங்கே அரசு பின்வாங்கியது.

பதோவா-ஸ்கியோப்பா வரி ஏய்ப்பைத் துரத்தினார். பற்றாக்குறையை 3 சதவீத வரம்புக்குள் கொண்டுவந்தார். வரி கட்டுவது நல்ல காரியம் என்று தொலைக்காட்சியில் சொன்னதற்காக நாடே அவரைத் திட்டியது. அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. 2006 கோடையில் லெபனான் போர் நின்றதும் ஐ.நா. அமைதிப் படைக்கு இத்தாலி பெரும் படையை அனுப்பியது. ஈராக்கிலிருந்த படையை அந்த ஆண்டு முடிவதற்குள் திருப்பி அழைத்தது. மரண தண்டனையை உலகெங்கும் நிறுத்திவைக்கக் கோரும் தீர்மானம் 2007 டிசம்பர் 18 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 104-க்கு 54 என்று நிறைவேறியது. அதன் பின்னால் பொனினோவும் அவர் கட்சியும் ஆண்டுக்கணக்காகச் செய்த வேலை இருந்தது. அது நடந்து ஐந்தே வாரத்தில் அரசு இல்லை.

ஜனவரி 16: ஒரே நாளில் இரண்டு இடி

மஸ்டெல்லாவின் கட்சிக்கு நாடு முழுவதும் கிடைத்த ஓட்டு 1.4 சதவீதம். செனட்டில் மூன்று பேர். இந்த மூன்று பேருக்காகத்தான் நீதித்துறையே அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. 2007 இலையுதிர் காலத்தில், தன்னைச் சம்பந்தப்படுத்தி விசாரித்த கலாப்ரியா மாகாண அரசு வழக்கறிஞர் ஒருவரை இடம் மாற்றக் கோரி அவர் பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்திருந்தார்.

2008 ஜனவரி 16 காலை, மஸ்டெல்லாவின் மனைவி சாண்ட்ரா லொனார்டோ வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அவர் கம்பானியா மாகாண அவையின் தலைவர். பதவி நியமனங்களில் அழுத்தம் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. கீழவையில் எழுந்து நின்ற மஸ்டெல்லா, தன் குடும்பத்துக்கும் ஆட்சிக்கும் இடையே குடும்பத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்லி ராஜினாமாவை அறிவித்தார்.

அதே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைச் சொன்னது. தேர்தல் சட்டத்தை மாற்றக் கோரும் பொதுவாக்கெடுப்பை நடத்தலாம் என்பது தீர்ப்பு. அது நடந்து வென்றால் கூட்டணிக்குக் கிடைக்கும் போனஸ் இடங்கள் தனிக் கட்சிக்குப் போய்விடும். குட்டிக் கட்சிகளின் கதை முடிந்தது. போதாததற்கு, புதிதாகப் பிறந்திருந்த ஜனநாயகக் கட்சியின் தலைவர் வால்டர் வெல்ட்ரோனி, அடுத்த தேர்தலில் தனித்தே நிற்போம் என்று ஜனவரி 19 அன்று சொன்னார். மனைவியின் கைது மஸ்டெல்லாவைக் கொதிக்க வைத்தது உண்மைதான். ஆனால் அந்த வாரத்தில் 1.4 சதவீதக் கட்சியின் தலைவருக்கு வெளியேற அரசியல் காரணமும் கையில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வருகிறது.

> பெட்டிச் செய்தி: கடைசி ஒன்பது நாள்கள்
>
> ஜனவரி 16: சாண்ட்ரா லொனார்டோவுக்கு வீட்டுக்காவல். பொதுவாக்கெடுப்புக்கு நீதிமன்றம் அனுமதி.
> ஜனவரி 17: மஸ்டெல்லா பதவி விலகல். நீதித்துறை பிரதமர் வசம்.
> ஜனவரி 21: உடேயுர் ஆதரவு வாபஸ்.
> ஜனவரி 23: கீழவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. 326-க்கு 275 என்று அரசு வெற்றி.
> ஜனவரி 24: செனட்டில் 156-க்கு 161 என்று தோல்வி. புரோடி ராஜினாமா.

செனட்டுக்குப் போகாமல் முன்கூட்டியே விலகிவிடலாம் என்று பலரும் புரோடியிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. 1998 அக்டோபரில் அவருடைய முதல் அரசு கீழவையில் 312-க்கு 313 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தபோதும் அவர் அவையில் நின்றுதான் தோற்றார். யார் கவிழ்த்தார்கள் என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும் என்ற பிடிவாதம் அது. மதிக்கத்தக்க பிடிவாதம்.

கவிழ்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

பிப்ரவரி 6 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஏப்ரல் 13, 14 தேதிகளில் தேர்தல். பெர்லுஸ்கோனி இரண்டு அவைகளிலும் பெரும் பலத்தோடு திரும்பினார். மஸ்டெல்லாவைச் சேர்த்துக்கொள்ள எந்தக் கூட்டணியும் முன்வரவில்லை. அவர் போட்டியிடவே இல்லை. மறு ஆண்டு பெர்லுஸ்கோனி கட்சிப் பட்டியலில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார். ஜனவரி 24 இரவு அரசை எதிர்த்து ஓட்டுப்போட்ட முன்னாள் பிரதமர் லம்பெர்டோ டினியும் பெர்லுஸ்கோனி கட்சியின் செனட்டரானார்.

பெரிய இழப்பு இடதுசாரிகளுக்கு. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் பசுமைக் கட்சியும் சேர்ந்து 'வானவில்' என்ற பெயரில் நின்று 3 சதவீதத்தைச் சற்றே தாண்டின. கீழவையில் நுழைய 4 வேண்டும். 2006-ல் 41 கீழவை உறுப்பினர்களை வைத்திருந்த கம்யூனிஸ்ட் மறுநிறுவனக் கட்சிக்கு இப்போது பூஜ்யம். போருக்குப் பிந்தைய இத்தாலிய நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்டுகள் ஒருவர்கூட இல்லாமல் போனது அதுவே முதல்முறை. அரசில் இருந்துகொண்டே அரசை எதிர்த்து ஊர்வலம் போனவர்களை, அரசின் ஆதரவாளர்களும் நம்பவில்லை, எதிர்ப்பாளர்களும் நம்பவில்லை. தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்காகப் பேச அவையில் இருந்த பழைய குரல் அதோடு அடங்கியது. அந்த இடத்தை எந்தக் கட்சியும் முழுதாக நிரப்பவில்லை.

நிதிப் பற்றாக்குறைக்காக இத்தாலிமீது ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருந்த நடவடிக்கை 2008 ஜூனில் முடித்துக்கொள்ளப்பட்டது. அதற்காக வசை வாங்கிய பதோவா-ஸ்கியோப்பா அப்போது பதவியில் இல்லை. 60,000-ஐத் தாண்டியிருந்த கைதிகள் எண்ணிக்கை 2006 தண்டனைக் குறைப்புக்குப் பின் 40,000-க்குக் கீழே வந்திருந்தது. தொடர்ந்து செய்திருக்க வேண்டிய சீர்திருத்தங்களைச் செய்ய யாரும் இல்லை. 2010 இறுதியில் அது 67,000-ஐத் தாண்டியது. ஒரு கைதிக்கு 3 சதுர மீட்டர்கூட இடம் இல்லாத சிறைகளுக்காக 2013-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தாலியைக் கண்டித்தது. பிண்டியும் பொல்லஸ்ட்ரினியும் எழுதிய மசோதா குப்பைக்குப் போனது. ஒருபால் ஜோடிகளுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் துணைவரைப் பார்க்கவும், இறந்தபின் வாடகை வீட்டில் தொடர்ந்து குடியிருக்கவும் உரிமை கேட்டவர்களுக்கு ஒன்பது ஆண்டு என்பது சின்னக் காலமல்ல.

போவதற்கு முன் புரோடி அரசு ஒரு நல்ல காரியத்தைச் சட்டமாக்கிவிட்டுப் போனது. அடுத்த அரசில் அமைச்சகங்கள் 12-க்கும், மொத்த உறுப்பினர்கள் 60-க்கும் மிகக் கூடாது என்பது அது. 100 பேரை வைத்துக் கட்டி மேய்த்த அனுபவத்தில் வந்த சட்டம். அனுபவித்தது பெர்லுஸ்கோனி.

எல்லாக் குழப்பத்துக்கும் வேராக இருந்த தேர்தல் சட்டமோ 2008-லும் 2013-லும் அப்படியே நின்றது. அரசியல் சாசன நீதிமன்றம்தான் 2013 டிசம்பரில் அதன் முக்கியப் பகுதிகளைச் செல்லாது என்று அறிவித்தது. நாடாளுமன்றத்தால் எட்டு ஆண்டுகளில் முடியாத வேலை.

நீதிமன்றங்களில் முடிந்த கதை

டி பியத்ரோ கட்சியில் வென்று, 2006-லேயே பெர்லுஸ்கோனி பக்கம் சாய்ந்த செனட்டர் செர்ஜியோ டி கிரெகோரியோ, பின்னாளில் விசாரணையில் வாய் திறந்தார். புரோடி அரசைப் பலவீனப்படுத்தத் தனக்கு 30 லட்சம் யூரோ கொடுக்கப்பட்டது என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு 20 மாதத் தண்டனையும் ஏற்றார். பெர்லுஸ்கோனி கடைசிவரை மறுத்தார். நேப்பிள்ஸ் நீதிமன்றம் 2015-ல் அவருக்கு 3 ஆண்டு சிறை விதித்தது; மேல்முறையீட்டில் வழக்கே காலாவதியானது. இரண்டு மூன்று ஓட்டில் ஊசலாடிய செனட்டில் ஒரு ஆள் இடம் மாறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை யோசித்தால், இந்த வழக்கு முடிந்த விதம் வருத்தம் தருவது.

அரசைக் கவிழ்த்த அந்த இன்னொரு வழக்கு? 2017 செப்டம்பரில் மஸ்டெல்லாவும் அவர் மனைவியும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். ஒன்பது ஆண்டு, எட்டு மாதம் கழித்து. அதற்குள் நாடு ஐந்து பிரதமர்களைப் பார்த்துவிட்டது.

செனட்டுக்கு உள்ள கவிழ்க்கும் அதிகாரத்தை எடுத்துவிட 2016-ல் மத்தேயோ ரென்சி அரசு முயன்றது. டிசம்பர் 4 பொதுவாக்கெடுப்பில் 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதே ரென்சி 2021 ஜனவரியில் தன் சிறிய கட்சியின் இரண்டு பெண் அமைச்சர்களை ஜூசெப்பே கான்டேயின் கூட்டணி அரசிலிருந்து வெளியே இழுத்தார். ஜனவரி 19 அன்று கான்டே செனட்டில் நம்பிக்கை கோரினார். ஓட்டெடுப்பில் வென்றார், ஆனால் அவையின் முழுப் பெரும்பான்மைக்கு வேண்டிய 161 கிடைக்கவில்லை. கிடைத்தது 156. ஒரே வாரத்தில் ராஜினாமா செய்தார்.

கான்டேயைக் காப்பாற்றக் கைகொடுத்த அந்த 156 பேரில், 2018 தேர்தலில் செனட்டுக்கு வந்திருந்த சாண்ட்ரா லொனார்டோவும் ஒருவர்.